ஒரு விரல் இடைவெளி

படிக்கத் தெரியாத சனம் ஊர் மாறி இறங்கிவிடுவதைப் பார்த்துத்தான் பஸ் கம்பெனி குமாஸ்தா ஞானதுரை 1938-ல் அந்தப் படத்தை வரைந்தார். தேனியிலிருந்து குமுளிவரை ஊருக்கொரு புள்ளி. வீரபாண்டிக்குத் தீச்சட்டி, கூடலூருக்கு மாட்டுவண்டி, குமுளிக்கு ஏலக்காய். முதலில் மலை வளைவுகளையும் போட்டிருந்தார். அதில் விரல் வைத்தவர்கள் வழி தெரியாமல் விழித்தார்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே நேர்கோடாக்கினார். புள்ளிக்குப் புள்ளி ஒரு விரல் இடைவெளி. பஸ்ஸுக்கு ஒன்று மாட்டியதும் சனம் எண்ணிக்கொண்டு சரியாக இறங்கியது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் கண்டக்டர் தங்கபாண்டி வந்து, உட்காராமல் நின்றான்.

"நேத்துச் சாயந்தரம் கூடலூர்ல அச்சு முறிஞ்சிருச்சுண்ணே. மத்தவுக அங்கனயே தங்கிட்டாக. புதுப்பட்டி மாயக்காள் மட்டும், புருசனுக்குக் காச்சல்னு குமுளி ஏலத்தோட்டத்துக்குக் கெளம்பி வந்தவ, ஒங்க படத்த அளந்து பாத்தா. புதுப்பட்டிக்கும் கம்பத்துக்கும் ஒரு வெரல், கூடலூருக்கும் குமுளிக்கும் அதே ஒரு வெரல்தான, வெளக்கு வைக்கங்குள்ள போயிருவேன்னு நடந்துட்டா."

"நீ சொல்லலியா?"

"ஒம்போது மைலு, மலைக்காடுன்னு சொன்னேன். படத்துல மல எங்கன இருக்குன்னு கேட்டா." தங்கபாண்டி தலையைக் குனிந்துகொண்டான். "காலையில குமுளியில விசாரிச்சேன். அப்பிடி யாரும் வரலேன்னாக."

அன்று திரும்பிவந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறி ஞானதுரையே படத்தைக் கழற்றினார்.

மூன்றாம் நாள் மாயக்காளின் புருசன் கருத்தக்கண்ணன் வந்து நின்றான். கன்னம் ஒட்டி, கம்பளி போர்த்தியிருந்தான். தேடிப்போனவர்களுக்கு மூன்றாவது வளைவில் அவளுடைய துணிமூட்டை மட்டும் கிடைத்ததாம்.

"அந்தப் படத்தக் காட்டுங்கய்யா."

காட்டினார். அவன் திட்டவில்லை. வண்டிக்கும் ஏலக்காய்க்கும் நடுவில் விரலை வைத்தான்.

"இம்புட்டு எடத்துல எங்கனய்யா தேடுறது?"

ஞானதுரை குடையை எடுத்துக்கொண்டு அவனோடு புறப்பட்டார். மலையடியில் பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்தார்கள். பட்டப்பகலிலும் வளைவுக்கு வளைவு வெளிச்சம் குறைந்தது. பறவைச் சத்தம்கூட இல்லை. ஐந்தாவது வளைவில் கருத்தக்கண்ணன் சட்டென்று அவர் கையைப் பிடித்தான். கீழே ஓடைப் பள்ளத்தில், மூங்கில்களுக்கு நடுவே, மாயக்காளின் பச்சைச் சேலை அசையாமல் கிடந்தது. அதைச் சுற்றி நான்கு யானைகள் நின்றன.

இறங்க வழியில்லை. அவை போகட்டுமென்று இருவரும் பாறையோரம் உட்கார்ந்தார்கள். பொழுது சாய்ந்தும் அவை போகவில்லை.