போர்வைக்குள் ஒரு நாற்காலி

குழந்தை மறுபடியும் சரிந்தது. மருமகன் ஓடிவந்து நிமிர்த்தி வைத்தார். அவர் கேமராவுக்குத் திரும்புவதற்குள் அது மறுபக்கம் மூட்டைபோல் சாய்ந்தது. முட்டுக்கொடுக்க வந்திருந்த தலையணைகளை அடுக்கினால் மாடிக்குப் படிக்கட்டே தேவைப்படாது.

"உக்காரத் தெரியாத புள்ளைக்கு எதுக்குய்யா போட்டோ?" என்றார் கட்டிலில் கிடந்த அப்பா.

"இந்த ஜன்னல்லதான் வெளிச்சம் நல்லா வருது மாமா."

அது பாதி உண்மை. இதயம் தேய்ந்துவிட்டது, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவைத்த நாளிலிருந்து மகளுக்கு ஒரே ஆசைதான். அப்பாவும் பேரனும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். அப்பாவின் முகம் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இத்தனை கூத்தும். ஆனால் பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்ற அந்த மனிதர், கேமராவைக் கண்டால் போக்குவரத்துப் போலீஸைக் கண்டதுபோலத் திரும்பிக்கொள்வார். அவளுடைய கல்யாண ஆல்பம் முழுக்க அவர் முதுகுதான் சிரித்துக்கொண்டிருந்தது.

"மடில வச்சுக்கோங்கப்பா. ஒரே ஒரு படம்."

"என் லைசென்ஸ் மூஞ்சியப் பாத்திருக்கியா? அதக் காட்டினா இவன் பயந்துட்டே நாலு வாய் கூடுதலா சாப்பிடுவான்."

சிறிது நேரம் மூச்சு வாங்கினார். பிறகு பேரத்துக்கு வந்தார். "ஊரையே உக்கார வச்சு ஓட்டுனவன், இவன உக்கார வைக்க மாட்டேனா? என் மேல துணியப் போட்டு மூடு. நான் சீட்டு, அவன் பாசஞ்சர். என் மூஞ்சி மட்டும் தெரியக் கூடாது."

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மடியாவது கிடைக்கட்டும் என்று, கறை படாத ஒரே வெள்ளைப் போர்வையை எடுத்து அவரைச் சாய்த்து உட்காரவைத்துத் தலையோடு கால் மூடினாள். குழந்தை அந்தச் சிம்மாசனத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தது. சிரிக்கத்தான் இல்லை. தூக்குத்தண்டனை விதிக்கப்போகும் நீதிபதியைப்போல எல்லோரையும் பார்த்தது. மருமகன் குரைத்தார், கூவினார், கனைத்தார். தெருநாய்கள் பதில் சொல்லின. குழந்தை மட்டும் மசியவில்லை.

அப்போதுதான் எதிர்வீட்டு அம்மா நலம் விசாரிக்க வந்தாள். தெரு அவளுக்கு வைத்த பெயர் சைரன். வாசற்படியிலிருந்து அவளுக்குத் தெரிந்தது மருமகனின் முதுகும், அதற்கப்பால் மூடிய வெள்ளைப் போர்வையும்தான்.

"அண்ணே! போயிட்டீங்களாண்ணே!"

அடுத்த தெருவில் பால் திரிந்திருக்கும். போர்வை பறந்தது.

"எவ அவ? உசுரோட இருக்கறவன வழியனுப்புறது!"

குழந்தை அண்ணாந்து பார்த்து, ஈறு முழுக்கத் தெரியக் கெக்கெக்கெனச் சிரித்தது. அதிர்ச்சியில் மருமகனின் விரல் தானாகவே அழுத்திவிட்டது.

"அழிச்சிட்டியா?" என்றார் அப்பா, கேமராவைக் கையில் வாங்கிய மகளிடம்.

"அழிச்சிட்டேன்பா."

"பொய் சொல்லாத. காட்டு."

படத்தில் குத்திட்ட முடி, பிளந்த வாய், ஒற்றைப் பல். அதைப் பார்த்துச் சொக்கிப்போன பேரன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"பய நல்லா விழுந்திருக்கான். பின்னாடி யாரு அந்தக் கெழவன்?"

"தெரியலப்பா."

"சரி, இருந்துட்டுப் போறான் விடு."

சைரன் திட்டு வாங்கி, காப்பி வாங்கி, மறுபடியும் திட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவர் பேரனை மார்பில் போட்டபடியே கண்ணயர்ந்தார். இருவரும் குறட்டைப் போட்டி நடத்தினார்கள். பிற்பகலில் ஒரு குறட்டை மட்டுமே கேட்டது. அது குழந்தையுடையது. மகள் அவனைத் தூக்கியபோது, அவனை அணைத்திருந்த கை தடையில்லாமல் சரிந்தது.

சொல்லியனுப்பியதும் சைரன் ஓடிவந்தாள். அழவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று முறைத்தாள்.

"போங்கண்ணே. நான் இன்னொரு தடவ ஏமாற மாட்டேன்."

கால் கட்டைவிரலைப் பிடித்து மெல்லத் திருகினாள். அவர் திட்டுவாரென்று காத்திருந்தாள். பிறகு சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆளுங்க வந்துடுவாங்க. சட்டைய மாத்திடு," என்றார் மருமகன்.

மகள் சலவைச் சட்டையோடு வந்து இரண்டு பொத்தான்களைக் கழற்றினாள். நெஞ்சுப் பக்கம் கை பட்டதும் நின்றாள். குழந்தையின் எச்சில் அங்கே இன்னும் ஈரமாக இருந்தது.

பொத்தான்களைத் திரும்பப் போட்டாள். சலவைச் சட்டையை மடிப்பு கலையாமல் அலமாரியிலேயே வைத்தாள்.