கதவுள்ள வீடு

"டொக்டருக்கு சஹன் வேணாம். தனிப் பீங்கானும் கரண்டியும் வை" என்று குசினி வாசலில் நின்று மனைவி ஜெமீலாவிடம் சொன்னார் ஹயாத்து முகம்மது. "லண்டன் பழக்கம்தானே. அவவுக்கும் மரியாதையா இரிக்கும்."

மரியாதையாம்! ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவதுதான் சஹன். அகதிகளோடு ஒரு சஹனில் உட்காருவதில்லை என்பது அந்த வீட்டின் பழைய வழக்கம். டொக்டர் ஸஹ்றா ஐந்து வயதில், போரின்போது மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, பாலாவிக்குப் பக்கத்து அகதி முகாமில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தவர். படித்து, லண்டன் போய், இன்று ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மார்புப் புற்றுநோய்ப் பிரிவுக்கே தலைவி. இந்த ஊருக்கு மட்டும் அவர் இன்னும் அகதிதான்.

ஹயாத்து முகம்மதின் தென்னந்தோட்டத்தில் சும்மா கிடந்த வீட்டை, பெண்களுக்கான இலவச கிளினிக்குக்கு வாடகைக்குக் கேட்டு ஸஹ்றா வந்திருந்தார். காலையில் வீட்டைச் சுற்றிக் காட்டியபோது கிணற்றையோ கூரையையோ அவர் கவனிக்கவில்லை. ஒவ்வொரு அறையின் கதவையும் சாத்தி, தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்தார். அதிலிருந்து ஹயாத்து முகம்மதுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"சும்மா மருந்து குடுக்க ஒருத்தி இவ்வளவு தூரம் வருவாளா? உள்ள பூந்து பூட்டிக்கிட்டா நாம என்ன செய்யிற? காணியப் புடிக்கத்தான் பாக்கிறா."

ஜெமீலா தனிப் பீங்கான் தட்டை எடுத்துத் துடைத்தாள். தன் இடது மார்பில் ஒரு கட்டி இருப்பதை நோன்புக்கு முன்பே கணவரிடம் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரியில் ஆண்கள்தான் பார்ப்பார்கள் என்று அவர் கூட்டிப்போகவில்லை. இந்த டொக்டரிடமாவது காட்டட்டுமா என்று நேற்றுக் கேட்டபோது, அகதியின் கையிலா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பகல் சாப்பாட்டுக்கு முன்மண்டபத்தில், கிளினிக் விசயம் பேச அழைத்திருந்த பள்ளிவாசல் நிர்வாகத்தார் உட்கார்ந்தார்கள். பெண்கள் அறையில் பாய் விரித்து, சஹனைச் சுற்றி ஜெமீலாவோடு மதினி அஸ்னாவும் அயல்வீட்டுப் பெண்கள் இருவரும் இருந்தார்கள். ஜன்னலோரக் கதிரைக்கு முன்னால் தனிப் பீங்கான்.

ஸஹ்றா அதைப் பார்த்தார். இதே வீட்டுக் கல்யாணமொன்றில் பின்வாசலில் நின்று சோற்றுப் பொதி வாங்கிய பிள்ளைதானே, விளங்காமல் இருக்குமா? கதிரையை இழுத்தார்.

ஜெமீலாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பயம் அதைவிடப் பெரிது. இவரும் மனம் கசந்து போய்விட்டால் யாரிடம் காட்டுவது?

"அங்க இரிக்க வேணாம் டொக்டர். இதில வாங்க" என்று நகர்ந்து இடம் விட்டாள்.

அஸ்னா வயிறு சரியில்லையென்று எழுந்து போனாள். அயல்வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், ஆனால் எழும்பவில்லை. ஸஹ்றா வந்து உட்கார்ந்து சோற்றில் கைவைத்தார்.

சாப்பிட்டதும், கை கழுவக் கூட்டிப்போவதுபோல ஜெமீலா அவரைத் தன் அறைக்குக் கூட்டிப்போனாள். தாழ்ப்பாளைப் போட்டாள். சட்டையை விலக்கிக் காட்டினாள்.

ஸஹ்றா நிதானமாகத் தொட்டுப் பார்த்தார். உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும், இனிமேல் ஒரு கிழமைகூடப் பொறுக்கக் கூடாது என்றார். பிறகு அவருடைய குரல் தாழ்ந்தது.

"எங்கட உம்மாக்கும் இதுதான் ராத்தா. கேம்புக்கு டொக்டர் வந்தாங்க. ஆனா உடுப்ப விலக்கிக் காட்ட அங்க ஒரு கதவு இருக்கல்ல. மறைச்சி மறைச்சியே மவுத்தாப் போனாங்க."

காலையில் அவர் கதவுகளைச் சாத்திப் பார்த்தது எதற்கென்று ஜெமீலாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அழுகை வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது.

கதவு தட்டப்பட்டது. "ரெண்டு பேருக்கும் உள்ள என்ன கதை? ஜெமீலா, கதவத் திற."

"தோட்டத்து வீட்ட டொக்டருக்குத் தாறதா முன்மண்டபத்தில இரிக்கிற ஆக்கள்ட சொல்லிட்டு வாங்க. திறக்கிறன்."

ஹயாத்து முகம்மது கதவைத் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. உள்ளே பூட்டிக்கொண்டு ஒருத்தி தன்னை வெளியே நிறுத்திவிடுவாள் என்று காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தவர், அந்த ஒருத்தி யாரென்று இப்போதுதான் கண்டுகொண்டார்.