தண்ணீர் குடிக்காமல் வந்தவள்

ஆய்வகத்துக்குள் வந்துவிட்டால் அண்ணிக்குச் சொந்தமும் கிடையாது, பந்தமும் கிடையாது. கணவனின் தங்கையையும் மற்றவர்களைப் போலத்தான் வெறுங்காலோடு உடல் கொழுப்பை அளக்கும் மின்சார மேடையில் ஏற்றினாள். பொல்லாத நேரம், கொழுப்பு முப்பத்துமூன்று சதவீதம் என்று காட்டியது. தீயணைப்புத் துறை ஆள்தேர்வில் பெண்களுக்கு வரம்பு முப்பது. ஏணி ஏறுவதில் எல்லோரையும் முந்திய பெண் இங்கே வந்து கோட்டை விட்டாள்.

"உள்ளதைத்தான் எழுத முடியும்," என்றாள் அண்ணி. மாமியார் முகத்தில் எப்படி விழிப்பது?

நாத்தனார் குழாயடிக்குப் போய் டம்ளர் டம்ளராகத் தண்ணீர் குடித்தாள். அதைப் பார்த்ததும் அண்ணிக்குப் பொறி தட்டியது.

"கடைசியா எப்போடி தண்ணி குடிச்சே?"

"நேத்து மத்தியானம். எடை குறைஞ்சா கொழுப்பும் குறையும்னு..."

அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "அடி அறிவுக்கொழுந்தே! இந்த மேடை உடம்புல லேசா கரண்ட் விட்டுப் பாக்குது. தண்ணி இருந்தாத்தான் கரண்ட் நல்லா ஓடும். ஓடலைன்னா கொழுப்புதான் தடுக்குதுன்னு கணக்கு போட்டுடும். நீயே உன் தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிட்டியே!"

மேடையில் ஒரு தடவைதான் ஏறலாம் என்பது விதி. மேல்முறையீட்டுக்கு ஒரு வழி இருந்தது. ஆளைத் தொட்டித் தண்ணீரில் முழுக உட்காரவைத்து எடை பார்க்கும் பழைய முறை. கொழுப்பு மிதக்கும், தசையும் எலும்பும் அமிழும். அந்தத் தொட்டி சொல்வதுதான் முடிவு. ஆனால் மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும். நெஞ்சில் தங்கும் காற்றும் மிதக்கும், அதுவும் கொழுப்புக் கணக்கில் சேர்ந்துவிடும்.

மறுநாள் காலை, நெருப்புக்கு அஞ்சாதவள் தண்ணீருக்குள் பயந்தாள். இரண்டு முறை பாதி மூச்சோடு துள்ளி எழுந்தாள். அண்ணி தொட்டியின் கண்ணாடிப் பக்கம் மண்டியிட்டாள்.

"என்னையே பாரு. நானும் மூச்சை விடறேன். எனக்கு முன்னாடி எழுந்தே, வீட்டுப் பக்கம் வராதே."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. கடைசிக் குமிழியும் மேலே போனது. எடைத் தராசின் முள் ஆடி ஆடி நின்றது. அண்ணியின் முகம் சிவந்துபோயிருந்தது.

கணக்கைப் போட்டாள். நம்பாமல் மறுபடியும் போட்டாள். இருபத்தெட்டு.

நாத்தனார் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கினாள். "உண்மையைச் சொல்லுங்க அண்ணி. எனக்காகக் குறைச்சுப் போட்டீங்களா?"

"போடுறவளா இருந்தா நேத்தே போட்டிருக்க மாட்டேனா? ராத்திரி பூரா உங்கம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேனேடி!"

நாத்தனாருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. ஈரத்தோடு அப்படியே அண்ணியைக் கட்டிக்கொண்டாள்.