கொடி கொழுவிய நேரம்

அந்தச் சனிக்கிழமை கனடாவின் ஸ்காபரோவில், நிரூபா வீட்டு நிலக்கீழ் பேஸ்மென்றில் இருந்தவர்கள் மூன்று பேர். கலியாணப் பெண் சஜிதாவின் பெரியப்பா பாக்கியராசா, அவருடைய மனைவி தவமலர், கலியாணத்தைப் படம் பிடித்த நிரூபா. வேறு ஒருவரும் இல்லை. மகன் பிரதாபன் காலை பத்து மணிக்கு இவர்களை இறக்கிவிட்டு, மண்டபச் சோடனை பார்க்கக் காரைக் கொண்டு போய்விட்டான். நாலு மணிக்குத்தான் திரும்பி வருவான். ஆறு மணிக்கு வரவேற்பு.

பாக்கியராசா ஆறடி மனிதர். கூரையோடு போன ஹீற்றர் குழாய் தலையில் இடித்தது. குனிவதற்கு மனமில்லாமல் உட்கார்ந்துகொண்டார். சுவரில் இருந்த ஒரேயொரு சின்ன யன்னலையும் பனி மூடியிருந்தது.

அவர் வந்த காரியம் இதுதான். போன ஞாயிறு தாலி ஏறிய நேரத்தில் ஆட்கள் எழும்பி நின்றதால், பின்னால் இருந்தவர்கள் மண்டபத்துப் பெரிய திரையில்தான் அதைப் பார்த்தார்கள். பெண்ணின் கழுத்தும், தாலிக்கொடியைக் கொழுவும் மாப்பிள்ளையின் கையும் மட்டும் திரை நிறையத் தெரிந்தன. சரியாக அந்த நேரம் பார்த்துக் கை நடுங்கியது. மாப்பிள்ளைக்கு விருப்பமில்லையாம், பிடித்துக் கட்டி வைத்தார்களாம் என்று ரெக்ஸ்டேலில் இருக்கும் சொந்தக்காரி யோகமலர் தொடங்கிய கதை, ஆறு நாளில் மறுகோடியில் உள்ள பிக்கரிங் வரை போய்விட்டது. சஜிதா ரெலிபோன் எடுப்பதை விட்டுவிட்டாள். "இண்டைக்கு ராத்திரி எல்லாரும் திரையில பாருங்கோ" என்று பாக்கியராசா வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்தார். இனி வாயை மாற்ற முடியாது; வரவேற்புக்கு முன் படத்திலுள்ள நடுக்கத்தை நிரூபா எடுத்துத் தரவேண்டும்.

நிரூபா படத்தைப் போட்டதும் அவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். சிவப்புக் கூறைச்சேலை சாம்பலில் தோய்த்தெடுத்தது போலிருந்தது. நெற்றிக் குங்குமம் வெறும் அழுக்காகத் தெரிந்தது.

"என்ன பிள்ளை இது? வெள்ளைச் சீலை கட்டினமாதிரி?"

"லொக் எண்ட முறையில எடுத்தது அங்கிள். இப்பிடி வெளிறலா எடுத்தால்தான் பிறகு நிறத்தை வடிவாக் கொண்டுவரலாம். முதல்ல நடுக்கத்தை எடுப்பம்."

"முதல்ல நிறத்தைப் போடும்."

"நிறத்தைப் போட்டிட்டு நடுக்கம் எடுத்தால் கனநேரம் இழுக்கும் அங்கிள். ஒவ்வொரு படத்துக்கும் நிறம் பூசிப் பூசித்தான் கொம்பியூட்டர் அளக்கும்."

"இழுக்கட்டும். மஞ்சள் குங்குமத்தோட இருக்கிற பிள்ளையை உந்தக் கோலத்தில பார்க்க என்னால ஏலாது."

நிரூபா தவமலரைப் பார்த்தாள். தவமலர் கையை விரித்தாள். "எனக்கு நாப்பது வருசமா இழுக்குது. உமக்கு ஒருநாள்தானே, பொறும்."

கூறை சிவந்தது. திரையின் அடியில், நடுக்கம் எடுக்கும் வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் ஒரு நீலக் கோடு நகரத் தொடங்கியது. நகர்ந்தது என்று சொல்வதே கூடுதல். பதினொரு மணிக்கு நூற்றுக்கு மூன்று. பன்னிரண்டுக்கு ஏழு. கணினியின் விசிறி இரைந்தது. நிரூபா தேத்தண்ணி கொண்டுவந்தாள்; அவர் வாங்கி அருகில் வைத்துவிட்டுக் குடிக்க மறந்தார். வெளியே நடந்துவிட்டு வரலாமென்றால் பனி, வீட்டுக்குப் போகலாமென்றால் காரில்லை. பார்ப்பதற்கு அந்தத் திரை ஒன்றுதான். ஒரு படம் வந்து நிற்கும். ஒரு மிடறு தண்ணீர் குடிக்கும் நேரம் நின்று, அடுத்ததுக்கு இடம் விடும்.

இரண்டு மணி கடந்து, கோடு பதினாறில் நின்றபோது, படத்தின் இடது மூலையில் ஒரு முழங்கை வந்தது. அடுத்த படத்தில் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்ததில் அரக்குக் கரையில் சரிகை போட்ட பட்டுச் சால்வை. அந்தப் படத்திலிருந்துதான் மாப்பிள்ளையின் கையும், பெண்ணின் கழுத்தும், கொடியும் ஒன்றாகக் குலுங்கின.

"இஞ்சேருங்கோ," என்றாள் தவமலர், "உது உங்கட சால்வையெல்லே?"

மாப்பிள்ளையின் மாமன் இராசரத்தினம் மணமக்களை வாழ்த்தித் தூவும் அறுகரிசித் தட்டை நோக்கிக் கையை நீட்டியதைக் கண்டதும், முதல் அரிசி பெண் வீட்டுப் பெரியவன் கையால்தான் விழவேண்டும் என்று இடித்துக்கொண்டு முன்னே பாய்ந்தது பாக்கியராசாவுக்கு நன்றாக நினைவிருந்தது. யாரை இடித்தோம் என்று அன்று திரும்பிப் பார்க்கவில்லை.

"நீர்தானே கமராவோட நிண்டனீர்," என்றார் நிரூபாவிடம். "அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?"

"பின்னால இருந்து இடி விழுந்தது அங்கிள். ஆரெண்டு நான் காணேல்லை." பிறகு குரலைத் தணித்தாள். "நிறத்தை எடுத்துவிட்டால் அரை மணித்தியாலத்தில முடிக்கலாம். நடுக்கம் எடுக்கேக்க ஓரத்தை வெட்டத்தான் வேணும். கை வெட்டுப்பட்டுப் போயிடும். ஆருக்கும் தெரியாது."

பாக்கியராசா எழும்பினார். குழாய் தலையில் இடித்தது. திரும்பவும் உட்கார்ந்தார். நடுக்கமில்லாத படத்தைப் போட்டால் யோகமலர் என்ன சொல்லுவாள் என்று அவருக்குத் தெரியும்: உதெல்லாம் கொம்பியூட்டரில திருத்தினது. இடித்த கை வெளியே தெரியும்வரைதான் மாப்பிள்ளையின் கைக்குச் சாட்சி. கையை வெட்டினால் தன் மானம் மிஞ்சும், பிள்ளையின் மானம் போகும்.

"நிப்பாட்டும்," என்றார். "நடுங்கினபடியே போடும். ஆறுதலாப் போகவிடும், எல்லாருக்கும் சால்வை தெரியட்டும்."

"நானூறு பேர் சிரிப்பினம்," என்றாள் தவமலர். "இராசரத்தினம் அண்ணை விழுந்து விழுந்து சிரிப்பார்."

"சிரிக்கட்டும்."

"அடுத்த கலியாணத்தில உங்களைக் கயிறு போட்டுத்தான் இருத்துவினம்."

"நீர் சும்மா இரும்." நிரூபாவின் பக்கம் திரும்பினார். "கீழ எழுத்துப் போடலாமோ?"

"ஓம் அங்கிள். சொல்லுங்கோ."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, சால்வையைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"மாப்பிள்ளை விருப்பமில்லாமல் தாலி கட்டினார், கை நடுங்கியது என்று சொல்லப்படுவது பொய். நடுங்கியது கமரா. முந்தி அரிசி போடுவதற்காக அதை இடித்தவர் பெண்ணின் பெரியப்பா பாக்கியராசா."