வாயுவுக்கு விலாசம் கிடையாது

அய்யாவுவின் வேனில் ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட ஒளித்துக் கொண்டுபோய்விடலாம், ஊரையே கூட்டும் வாசமுள்ள டுரியானை முடியாது. மலேசியாவின் உலு திராமிலிருந்து சிங்கப்பூர் தொழிற்சாலைக்கு மதிய ஷிப்டு ஆட்களை ஏற்றிப்போகும் அந்தப் பழைய வேனின் கதவில், முள்ளு முள்ளாய் ஒரு பழத்தை வரைந்து சிவப்புக் கோடு இழுத்து வைத்திருந்தார் மனுஷன். பார்ப்பதற்கு முள்ளம்பன்றி மாதிரிதான் இருக்கும். ஆனாலும் அர்த்தம் எல்லாருக்கும் தெரியும்.

பிரவீனாவுக்கு இன்னும் நன்றாகவே தெரியும். போன மாதம் பையில் செம்படாக் பழத்தோடு மாட்டிக்கொண்டவள் அவள்தான். "இதான் கடைசி, தங்கச்சி. இனிமே பழ வாசம் வந்துச்சு, உன் சீட்டு வேற ஆளுக்கு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார் அய்யாவு. அவர் வேனில் ஒரு சீட்டு காலியாகாதா என்று அந்த வட்டாரமே காத்துக் கிடக்கிறது. அது போனால் பஸ் மாறி பஸ் மாறி, என்றைக்கும் ஷிப்டுக்குத் தாமதம், கடைசியில் வேலைக்கே வேட்டு.

அப்படிப்பட்டவள்தான் இன்றைக்குப் பையில் டுரியானோடு ஏறினாள்.

காரணம் செல்வராணி. தொழிற்சாலையில் பிரவீனாவுக்குப் பக்கத்து மேசை. ஏழு மாதக் கர்ப்பிணி. சிங்கப்பூர் எல்லைப் பாலத்து ஜாமில் மணிக்கணக்கில் உட்காரக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டதால் சிங்கப்பூரிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். பொந்தியானில் அவள் அம்மா வீட்டுக் கொல்லையில் ஒரு டுரியான் மரம். இந்த வருஷத்து மழையில் பூவெல்லாம் கொட்டிப்போய் ஒரே ஒரு பழம் தப்பியது. அதைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மா பஸ் ஏறி வந்து, பிரவீனா வீட்டில் கத்தி வாங்கித் தானே பிளந்தார். உள்ளே ஐந்தே சுளை.

"வாயும் வயிறுமா இருக்கிற பிள்ளைம்மா. சிங்கப்பூர்ல பழத்துக்கா பஞ்சம்? அவ கேக்கறது நம்ம மரத்துப் பழம்" என்றார். கண் கலங்கியிருந்தது. முடியாது என்று சொல்ல பிரவீனா என்ன கல்லா?

கல் என்றதும்தான் அந்த யோசனை வந்தது.

பள்ளிக்கூடத்தில் அறிவியலுக்கு பிரவீனா வாங்கிய மார்க்கைப் பற்றி இங்கே பேச வேண்டாம். ஆனால் ஒரு பாடம் மட்டும் அவளுக்கு மறக்கவே இல்லை. அதைத்தான் தினமும் வேலைக்குப் போகிற வழியில் கண்ணால் பார்க்கிறாளே! எல்லாப் பொருளும் துகள்கள். வேனில் இடித்துப் பிடித்து உட்கார்ந்திருப்பவர்கள் காலை ஆட்டுவார்கள், தோளை அசைப்பார்கள், இடத்தைவிட்டு மட்டும் எழ மாட்டார்கள். அது திடப்பொருள். எல்லையில் பாஸ்போர்ட் பார்க்கிற குடிநுழைவு மண்டபத்தில் ஒருவரையொருவர் உரசிக்கொண்டு நழுவி நகர்கிற கூட்டம் திரவம். அதைத் தாண்டியதும் பஸ்ஸைப் பிடிக்க நாலாபக்கமும் பிய்த்துக்கொண்டு ஓடுகிறார்களே, அதுதான் வாயு. ஆட்கள் எல்லாம் அதே ஆட்கள்தான். உள்ளே ஏறிய சக்திதான் வேறு.

வாசம் என்பது மட்டும் என்ன? பழத்திலிருந்து கிளம்பி ஓடிவந்து மூக்கில் நுழைகிற துகள்தானே? சூட்டைப் பிடுங்கிவிட்டால் ஓடுவதற்கு ஏது தெம்பு? ஐந்து சுளைகளையும் டப்பாவில் போட்டு, இறுக்க மூடி, ஐஸ்பெட்டியில் ஐஸ் உறைகிற அறைக்குள் தள்ளினாள். மறுநாள் எடுத்துத் தட்டிப் பார்த்தபோது டங்கென்று சத்தம் கேட்டது. மூக்கை ஒட்டி வைத்து மோந்து பார்த்தாள். ம்ஹும், ஒன்றுமே இல்லை. தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

நடுவரிசையில் ஓரமாகப் பதுங்குவதுதான் திட்டம். அதற்குள் அய்யாவு கூப்பிட்டார். "தங்கச்சி, முன்னாடி வா. வாசுகி இன்னைக்கு லீவு. நீதான் இப்ப ஒழுங்கா இருக்கியே, நல்ல சீட்டுல உக்காரு."

மறுத்தால் சந்தேகம் வரும். முன்சீட்டில் ஏறி, பையைக் காலடியில் வைத்துக்கொண்டாள்.

குடிநுழைவு தாண்டிப் பாலத்தில் ஏறியதும் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. உச்சி வெயில். பிரவீனாவின் உள்ளங்காலில் சுருக்கென்று ஒரு சூடு. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: இந்த மாதிரி வேனுக்கு இன்ஜினே முன்சீட்டுக்கு அடியில்தான். துகள், சக்தி என்று அவ்வளவு யோசித்த மேதைக்கு இதை யோசிக்கத் தோன்றவில்லை!

இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. டப்பாவுக்குள் தூங்கிக்கொண்டிருந்த துகள்கள் ஒவ்வொன்றாய் எழுந்து சோம்பல் முறித்தன. உள்ளே அடைபட்டிருந்த குளிர்ந்த காற்றும் சூடேறி நாலு சுவரையும் மோதத் தொடங்கியது. மோதி மோதி, கடைசியில் மூடியையே தூக்கிவிட்டது.

டப்!

அய்யாவுவின் மூக்கு விடைத்தது. "யாரு?" என்றார். வண்டிதான் நகரவில்லையே, கைபிரேக்கை இழுத்துவிட்டு வரிசை வரிசையாக மோந்துகொண்டே பின்னால் போனார். கடைசி சீட்டுக் கிழவர் சபாபதியிடம் கொஞ்சம் அதிகமாகவே நின்றார்.

"என்னை ஏன்யா பாக்கறே? காலையிலேர்ந்து வெறுங்கோப்பி லா நான்!" என்றார் சபாபதி.

பாவம், அய்யாவுதான் என்ன செய்வார்? முன்னால் எவ்வளவு வாசமோ அவ்வளவு வாசம் பின்னாலும். வாயுவாகிவிட்டால் அதற்கு விலாசம் கிடையாது, கிடைத்த இடத்தையெல்லாம் நிரப்பிவிடும். பிரவீனாவும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அலமாக், யாருண்ணே இது? கொஞ்சம்கூட இங்கிதம் இல்லாம!" என்று கூடவே சேர்ந்துகொண்டாள். தப்பித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் குதித்தாள்.

ஆனால் அய்யாவு கத்தவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, சட்டைக் காலரை இழுத்து மோந்து பார்த்தார். முகம் செத்துப்போனது.

"போச்சு, சட்டையில ஏறிடுச்சு" என்றார். "எனக்கு இனிப்புநீர் வியாதி இருக்கு, தங்கச்சி. சக்கரையே தொடக் கூடாது. என் வீட்டுக்காரி கருப்பாயி தினமும் வாசல்லயே நிறுத்தி என் சட்டையை மோந்து பாப்பா. போன சீசன்ல எவனோ கொண்டாந்த பழத்துக்கு நான் ஒரு வாரம் வெறுங்கஞ்சி குடிச்சேன். நான் தின்னலன்னு சொன்னா அவ நம்பணுமே! அதுக்குத்தான் கதவுல அந்தப் படம். எனக்கா டுரியான் பிடிக்காது? அது என் உசுரு."

பிரவீனாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை நாளாக இவரைச் சிடுமூஞ்சி என்று நினைத்திருந்தாள். பையை எடுத்து மடியில் வைத்தாள். "அண்ணே, நாந்தான்" என்று ஆரம்பித்து, செல்வராணி, அவள் அம்மா, ஒற்றைப் பழம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். சீட்டு போனது போனதுதான் என்று அழுகையே வந்துவிட்டது.

அய்யாவு டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் நின்ற லாரி நகர்ந்துவிட்டது. பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள். அவர் அசையவில்லை.

"எப்படியும் திட்டு வாங்கப் போறேன்" என்றார் மெதுவாக. "அதை ஏன் சும்மா வாங்கணும்?"

"அண்ணே, அப்ப என் சீட்டு..."

"சீட்டு எங்கயும் ஓடிடாது. சின்னதா ஒண்ணு எடு."

சின்னதாக ஒன்றைத்தான் அவள் நீட்டினாள். அவர் பெரியதாக ஒன்றை எடுத்துக்கொண்டார். கண்ணை மூடித் தின்று, கொட்டையையும் விடாமல் சூப்பி முடித்த பிறகுதான் வேன் நகர்ந்தது.

அன்று மாலை டீ பிரேக்கில் உணவகத்துக்குப் பின்னால், ஆளில்லாத இடத்தில் டப்பாவைத் திறந்தாள் செல்வராணி. உடனே சாப்பிடவில்லை. குனிந்து ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"எங்க வீட்டுக் கொல்லையிலேயே நிக்கிற மாதிரி இருக்கு, பிரவீ" என்றாள்.

திட்டம் பலித்திருந்தால் இவளுக்கு வெறும் ஐஸ்கட்டியைத்தானே கொடுத்திருப்போம் என்று நினைத்துக்கொண்டாள் பிரவீனா. அந்தப் பாழாய்ப்போன இன்ஜின்மேல் முதன்முறையாக அவளுக்குப் பாசம் வந்தது.

ஒரு சுளையை ருசித்து முடித்துவிட்டு, செல்வராணி டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். "அஞ்சு சுளைன்னு அம்மா சொன்னாங்களே! என்னதையும் சேத்து நாலுதானே ஆகுது?"

"ஒண்ணு ஆவியாயிடுச்சு."

"ஆவியாவா?"

"பாலத்துல என்ன வெயில் தெரியுமா! துகளுக்குச் சக்தி ஏறிடுச்சுன்னா நிக்காது லா" என்றாள் பிரவீனா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

அந்த நேரம் பார்த்துத்தான் பிரவீனாவின் போன் அடித்தது. சுளையை எடுத்துக் கொடுத்ததில் விரலெல்லாம் பழம். முழங்கையால் ஒரு தட்டுத் தட்டியதில், பேசுவது ஊருக்கே கேட்கிற மாதிரி ஆகிவிட்டது.

"பிரவீனாவா? நான் கருப்பாயி அக்கா பேசறேன். இவரு சட்டையெல்லாம் டுரியான் வாசம். கேட்டா, உன்னையக் கேட்டுப் பாருங்கறாரு. வேன்ல யாரோ கொண்டாந்து, அது காத்துல பரவிடுச்சாமே?"

"ஆமாக்கா! சூடு ஏறினா அப்படித்தான், எல்லா இடத்துக்கும் பரவிடும். அண்ணன் மேல தப்பே இல்லக்கா."

"சரிம்மா. சட்டைக்குப் பரவிச்சு, ஒத்துக்கறேன். ஏப்பத்துக்கு எப்படிப் பரவிச்சு?"

எந்தப் பாடத்திலும் இதற்குப் பதில் இல்லை. செல்வராணி டப்பாவைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், பிரவீனாவின் முகத்தைப் பார்த்தாள். ஆவியான சுளை எந்த வயிற்றில் இறங்கியது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு போன் பக்கம் குனிந்து, "அக்கா, நான் செல்வராணி. பழம் என்னோடதுதான். அண்ணனுக்கு ஒண்ணு குடுக்கச் சொன்னதும் நாந்தான். அவரைத் திட்டாதீங்க" என்றாள்.



"இனிப்புநீர்க்காரருக்குக் குடுக்கத் தோணுச்சு. ஒரு வியாதியும் இல்லாத எனக்குக் குடுத்தனுப்பத் தோணல, இல்ல?" என்றது கருப்பாயியின் குரல். "இன்னும் எத்தனை இருக்கு?"

செல்வராணி அவசரமாக டப்பாவை மூடி, மூடிமேல் இரண்டு கைகளையும் அழுத்தி வைத்துக்கொண்டாள்.