நேராக மட்டும் போகும் கார்

சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளில் மனிதன் நகரத் தொடங்கினான். அதைத் திருப்பக் கற்றுக்கொண்ட நாளில்தான் அவன் நாகரிகம் அடைந்தான். கல்லூரியின் அழைப்பிதழில் இப்படித்தான் தங்க நிற எழுத்தில் அச்சாகியிருந்தது. புதுச்சேரியைப் பொறுத்தவரை அந்த நாகரிகம் 2007ஆம் வருஷம் வரைக்கும் தடையில்லாமல் வந்து, சேர்மன் விஜயராகவனின் வயிற்றில் முட்டி நின்றுவிட்டது.

முட்டியதைக் கல்லூரியே பார்த்தது. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கலைவாணிக்கு ஆத்திரமே அதில்தான்.

சேதராப்பட்டுப் பக்கம் இருந்த அந்தத் தனியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறையின் ஒரே பெண் விரிவுரையாளர் அவள். விருந்தாளிக்குப் பூங்கொத்து நீட்ட, குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்ற, சந்தனம் கரைக்க என்று எல்லாவற்றுக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். எந்திரம் பற்றிப் பேசத்தான் கூப்பிட மாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் அவளும் மாணவர்களும் சேர்ந்து ஒரு காரை உருவாக்கி முடித்திருந்தார்கள்.

கார் கோயம்புத்தூரிலிருந்து மரப்பெட்டியில் பாகம் பாகமாக வந்தது. குழாய்ச் சட்டம், ஃபைபர் உடம்பு, முதுகுக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் இன்ஜின், ஒரே ஒரு சீட்டு. நாலு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. கூடவே வந்த ஸ்டியரிங் மட்டும் ஆட்டுக்கல்லைத் திருப்புகிற மாதிரி இருந்தது. கலைவாணி அதன் கம்பிகளையும் இணைப்புகளையும் மாற்றி, இரண்டு விரலால் திருப்பும்படி செய்திருந்தாள். புனேயில் மாணவர்களுக்கான போட்டி. வளைந்து வளைந்து போகும் பாதையில் ஓட்டிக் காட்ட வேண்டும். கடைசி வருஷம் படிக்கும் கார்குழலி ஓட்டுவதாக ஏற்பாடு. அந்தப் பெண் உட்கார்ந்தால் சீட்டில் இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கும்.

அந்த இடம் சேர்மன் கண்ணில் பட்டதுதான் வினை.

"பீச் ரோட்டுல பெரிய பங்ஷன் வைங்க. நானே ஓட்டித் தொடங்கி வைக்கிறேன்," என்றார். "நான் பாரீஸ்ல கார் ஓட்டினவன்."

சேர்மன் பாரீஸில் மச்சினன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர். திரும்பி வந்து பதினைந்து வருஷம் ஆகியும் அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. காலையில் யாரைப் பார்த்தாலும் 'போன்ழூர்'. கையெழுத்துப் போட்டு முடித்தால் 'மெர்சி'.

ஷெட்டில் ஒத்திகை நடந்தது. இரண்டு பேர் தோளைப் பிடித்து அழுத்தி அவரை உள்ளே இறக்கினார்கள். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார். படம் எடுத்து முடிந்தது. மூச்சை விட்டார். ஸ்டியரிங்கின் நடுவில் இருந்த ஹாரன் கத்த ஆரம்பித்தது.

யாரும் தொடவில்லை, அதுபாட்டுக்குக் கத்தியது. பத்து ஆசிரியர்கள் கூரையைப் பார்த்தார்கள். கார்குழலி துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள்.

"ஹாரன் பிரமாதமா வேலை செய்யுது சார்!" என்று பிரின்சிபால் புருஷோத்தமன் கத்தினார். ஹாரனை மீறிக் கேட்க வேண்டுமே.

"சவுண்டு பத்தல!" சேர்மனும் கத்தினார். "இன்னும் கம்பீரமா இருக்கணும்! ஆமா, டிசைன் யாருது?"

"மேடம்தான் சார்."

"ஸ்டியரிங் ரொம்ப உள்ள வந்திருக்கேம்மா."

ஸ்டியரிங் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. உள்ளே வந்தது வேறு. கலைவாணி பல்லைக் கடித்துக்கொண்டு, "சார், நீங்க கொடியசைச்சுத் தொடங்கி வைங்களேன். கார்குழலி ஓட்டட்டும்," என்றாள்.

பிரின்சிபால் அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"இன்னாம்மா நீங்க? சேர்மன் ஓட்டினாத்தான் வண்டி புனே போவும். இல்லன்னா இதே ஷெட்டுல கோழி அடைக்க வேண்டியதுதான். ஸ்டியரிங்க மாத்துங்க."

மறுநாள் பிரின்சிபால் அறையில் கூட்டம். பொருள்: 'ஓட்டுநர் பகுதியின் முன்புற விரிவாக்கம்.' அரை நாள் பேசினார்கள். இடநெருக்கடி என்றார் ஒருத்தர். கொள்ளளவுப் பற்றாக்குறை என்றார் இன்னொருத்தர். சராசரி இந்திய ஓட்டுநரின் உடலமைப்பைப் பாகங்களைச் செய்து அனுப்பிய கம்பெனி கணக்கில் எடுக்கவில்லை என்று கணிதத்துறைக்காரர் வருத்தப்பட்டார். ஒரு மனிதனின் வயிற்றைச் சுற்றி இத்தனை படித்தவர்கள் இத்தனை வார்த்தைகளால் வேலி கட்டியதைக் கலைவாணி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வைத்த காபியில் ஆடை படிந்தது.

சீட்டைப் பின்னால் தள்ள முடியாது, இன்ஜின் இருக்கிறது. ஸ்டியரிங்கை முன்னால் தள்ளினால் கை எட்டாது. கடைசியில் பிரின்சிபாலுக்கே அந்த யோசனை உதித்தது: ஸ்டியரிங் வட்டத்தின் அடிப்பக்கத்தை வெட்டிவிட்டு, அங்கே ஒரு நேர்பட்டையை வைத்துப் பற்றவைத்துவிடலாம். ரேஸ் காரில் எல்லாம் அப்படித்தானாம்.

"சார்," என்றாள் கலைவாணி. "வண்டி நேரா போறப்ப வெட்டுன பக்கம் கீழ இருக்கும், சரி. திருப்புனா வட்டமா இருக்கற பக்கம் கீழ வந்துடும்ல?"

"வந்தா?"

"வந்தா முட்டும் சார்."

"எதுல?"

பிரின்சிபால் பேனாவின் மூடியைக் கழற்றினார். "எதுல முட்டும்னு சொல்லுங்க மேடம். தீர்மானத்துல எழுதிடறேன்."

கலைவாணி வாயைத் திறந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், கெஞ்சுவது போலவும் மிரட்டுவது போலவும். புனே, கார்குழலி, ஷெட்டில் கோழி எல்லாம் கண்முன் வந்து போயின.

"ஒண்ணுமில்ல சார்," என்றாள். அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்தபோதும் அவளுக்குத் தன் வாய்மேல்தான் ஆத்திரம்.

வேலை முத்தியால்பேட்டையில் நெடுமாறன் பட்டறைக்குப் போனது. நெடுமாறன் ஆட்டோக்களுக்கு அலங்காரம் செய்வதில் பேர் வாங்கியவர். கல்லூரிக்குப் புது கேட்டு செய்யும் வேலைமீது கண் வைத்திருந்தார். சேர்மன் வண்டி என்றதும் உடம்பெல்லாம் கையாகிவிட்டது. கலைவாணி போய்ப் பார்த்தபோது ஸ்டியரிங்கின் அடிப்பக்கம் பறிபோயிருந்தது. மேலே சிவப்பு ரெக்சின் கவர் மாட்டி, பிளாஸ்டிக் நாடாவால் ஜடை மாதிரி பின்னியிருந்தார். முன்னால் பளபளக்கும் கிரில், மூக்கில் பித்தளைச் சரஸ்வதி, இரண்டு பக்கமும் மயில் படம், உள்ளே பச்சை விளக்கு. பழைய ஹாரனை எடுத்துவிட்டு பஸ் ஹாரன். அதன் பொத்தான் மட்டும் அதே நடுவில்.

"இன்னா நெடுமாறன் இது? எடையக் குறைக்கறதுக்கு நாங்க ஆணிய எண்ணி எண்ணி அடிச்சிருக்கோம். நீங்க சாமி செலைய வச்சிருக்கீங்க!"

"வெறும் ஓடு மாதிரி கெடந்துச்சு டீச்சர். பாக்க லட்சணமா வேணாவா?"

"கல்யாண ஊர்வலத்துக்கா போவுது?"

"புனேகாரன் பாத்தா புதுச்சேரி வண்டின்னு தெரியணும்ல? சாமிமேல கைய வைக்காதீங்க டீச்சர், பூச போட்டாச்சு."

"ஹாரனையாவது வேற எடத்துக்கு மாத்துங்க. அங்க இருந்தா..."

"இருந்தா?"

பாவி, இவனும் அதே கேள்வியைக் கேட்கிறானே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இருந்தா இருக்கட்டும்," என்று ஸ்கூட்டியை உதைத்தாள். நாலு பேர் தூக்கிய வண்டியை அன்று லாரியில் ஏற்ற ஏழு பேர் தேவைப்பட்டார்கள்.

விழா நாள் சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டி வாகனம் வராமல் தடுப்புப் போட்டிருந்தார்கள். காந்தி திடல் பக்கம் மேடை. அங்கிருந்து தெற்கே டூப்ளே சிலை வரைக்கும் ஓட்டிப் போய், திரும்பி மேடைக்கு வர வேண்டும். தென்கோடியில், சரியாகத் திரும்ப வேண்டிய இடத்தில், சவுக்குக் கொம்பு நட்டுப் பிரம்மாண்டமான பிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். 'திசைகாட்டியே, வருக!' என்று மேலே எழுத்து. கீழே கோட்டும் டையும் போட்ட சேர்மன். படத்தை நெஞ்சோடு வெட்டியிருந்தார்கள். ஸ்டூடியோக்காரனுக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

பூசணிக்காய் உடைத்தார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வெள்ளைச் சட்டையும் கழுத்தில் சம்பங்கி மாலையுமாகச் சேர்மன் உள்ளே இறங்கினார். நேர்பட்டை வயிற்றுக்குச் சரியாகப் பொருந்தியது. பிரின்சிபால் கலைவாணியை ஒரு பார்வை பார்த்தார்: 'பாத்தீங்களா?'

கார் புறப்பட்டது. நேராகப் போவதில் சேர்மனை மிஞ்ச ஆள் கிடையாது. பச்சை விளக்கு எரிய, சரஸ்வதி முன்னே செல்ல, ஒரு கையை வெளியே நீட்டி அசைத்துக்கொண்டே போனார். சுண்டல் தின்றவர்களும் கைதட்டினார்கள். கலைவாணி கைதட்டவில்லை. சாலை முடிகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முடிகிற இடம் வந்தது. சேர்மன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைத் திருப்பினார். நேர்பட்டை பக்கவாட்டில் போனது. வட்டம் கீழே வந்தது. பஸ் ஹாரன் அலறத் தொடங்கியது.

அதற்கு மேல் ஸ்டியரிங் திரும்பவில்லை. திரும்ப இடமில்லை. பிரேக் என்று ஒன்று இருப்பது பாரீஸில் ஓட்டியவருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. சுண்டல் வண்டிக்காரர் தன் வண்டியை இழுத்துக்கொண்டு ஓடினார். ஏதோ மந்திரி வருகிறார் என்று நினைத்து ஒரு போலீஸ்காரர் சல்யூட் வைத்தார். கார், ஹாரனை நிறுத்தாமல், 'வருக!' என்ற எழுத்துக்குக் கீழே நுழைந்து, சேர்மனின் டையைக் கிழித்துக்கொண்டு மறுபுறம் வெளியே வந்து, நடைபாதை ஓரத்தில் முட்டி நின்றது. இழுத்து வெளியே எடுக்கும்வரை ஹாரன் ஓயவில்லை.

அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கழுத்து மாலையை ஏனோ இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே தன் சொந்தக் காரில் ஏறிப் போனார்.

மேடையில் பிரின்சிபால் மைக்கைப் பிடித்தார். "ஸ்டியரிங் பெயிலியர்! டிசைன் கோளாறு! சம்பந்தப்பட்டவங்கமேல நடவடிக்கை எடுக்கப்படும்!"

சம்பந்தப்பட்டவள் மூவாயிரம் பேருக்கு நடுவில் நின்றாள். காது மடல் சுட்டது.

மறுநாள் காலை ஷெட்டில் விசாரணை. சேர்மன் நாற்காலியில், மடியில் ஒரு பெரிய ஃபைலுடன். பக்கத்தில் பிரின்சிபால். எதிரே கலைவாணி. காருக்குப் பக்கத்தில் கார்குழலியும் மாணவர்களும், இழவு வீட்டு முகத்தோடு.

"வண்டி புனே போவாது," என்றார் பிரின்சிபால். "திரும்பாத ஸ்டியரிங்கப் பண்ணிட்டு..."

"கார்குழலி, உக்காரு," என்றாள் கலைவாணி.

யார் அனுமதியும் கேட்காமல் கார்குழலி உள்ளே குதித்து இன்ஜினைக் கிளப்பினாள். தூணுக்குத் தூண் வளைத்து, எட்டுப் போட்டு, பிரின்சிபால் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி, அவர் கால் பெருவிரலுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். ஹாரன் மூச்சு விடவில்லை.

"எங்க சார் பெயிலியர்?"

பிரின்சிபால் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "அப்ப நேத்து ஏன் திரும்பல?"

"முட்டுச்சு. அதனால திரும்பல."

"எதுல?" பழக்க தோஷத்தில் பேனாவை எடுத்துவிட்டார்.

"தொப்பையில சார். எழுதிக்குங்க. தொப்பையில."

ஷெட்டின் தகரக் கூரைமேல் ஒரு காக்கை நடப்பது கேட்டது.

"தொப்ப இருக்கறது ஒரு தப்பா சார்? எங்கப்பாவுக்குந்தான் இருக்கு. பஸ்ல ரெண்டு பேர் சீட்டுல ஒக்காந்துட்டு, தள்ளி ஒக்காருங்கன்னு அவரே சொல்வாரு. இங்க அத இல்லன்னு காட்டறதுக்கு ஒரு கூட்டம், ஒரு தீர்மானம்! ஒழுங்கா திரும்புன ஸ்டியரிங்க வெட்டி, வண்டிமேல சாமிய ஒக்கார வச்சு, ஊரக் கூட்டி, கடசியில பழி எம்மேலயா? கோளாறு எங்க இருக்குன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். சொல்றதுக்குத்தான் ஒருத்தருக்கும் துப்பு இல்ல. எனக்கும் அன்னிக்கு இல்ல."

சேர்மன் எழுந்தார். முகம் ரெக்சின் கவரின் நிறத்துக்கு வந்திருந்தது. பாரீஸ் முழுசாக உதிர்ந்துபோய்விட்டது.

"இன்னாடி... இன்னாம்மா பேசற? முட்டுச்சுன்றதுக்கு ஆதாரம் இருக்குதா?"

கலைவாணியிடம் ஆதாரம் இல்லை. இத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள், பத்தாதா என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் காருக்குள்ளிருந்து கார்குழலி, "மேம், கவர் பின்னல்ல ஏதோ மாட்டியிருக்கு," என்றாள்.

சேர்மன் குனிந்து பார்த்தார். கையை நீட்டினார். எல்லோரும் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். ஃபைலை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார்.

"வண்டிய இன்னைக்கே லாரியில ஏத்துங்க," என்றார். "புனேக்கு."

"சார், விசாரணை..." என்றார் பிரின்சிபால்.

"ஏத்துய்யா!"

சிவப்புக் கவரின் பின்னலில், அறுந்த நூலோடு ஒரு வெள்ளைச் சட்டைப் பொத்தான் சிக்கியிருந்தது. தொப்புளுக்கு நேராக வருமே, அந்தப் பொத்தான்.