லோரென்ட்ஸின் தாடை

போரில் கை இழந்தவர்களுக்கு மாட்டும் மரக்கைகளுக்குத் தோல் நிறம் பூசுவதுதான் ஓஸ்வால்டின் வேலை. டிரெஸ்டன் நகரத்துப் பட்டறையில் அவை கம்பியில் வரிசையாகத் தொங்கும், எல்லாவற்றுக்கும் ஒரே ரோஜா வண்ணம். ஓவியப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவனைப் போருக்கு இழுத்துப் போனார்கள். இடுப்பில் குண்டுச்சில்லோடு காலை இழுத்துக்கொண்டு திரும்பினான்.

எதிர்மேசையில் தோல்வார் தைக்கும் லோரென்ட்ஸுக்குக் கீழ்த்தாடை கிடையாது. கிழங்குக் கூழை ரப்பர் குழாயால் உறிஞ்சுவான். பாதி சட்டையில் வழியும். மற்றவர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு சாப்பிடுவார்கள். ஓஸ்வால்ட் அவன் பக்கத்திலேயே உட்காருவான்.

முதலாளி ப்யூட்னர் ஒருநாள் வந்து நின்றார். "நீ படம் போடுவியாமே? பட்டாளத்துக்கு ஆள் சேக்கக் கண்காட்சி வைக்கிறாங்க, அதுக்கு நம்ம லோரென்ட்ஸைப் பெருசா வரைஞ்சு குடு. அடிபட்டவனும் சந்தோஷமா உழைக்கிறான்னு ஊரு பாக்கட்டும்."

ஓஸ்வால்ட் வரைந்தான். கன்னத்தில் பச்சையும் ஊதாவும். தாடை இருந்த இடத்தில் சிவப்பை விரலாலேயே அப்பினான். கண்கள் ஓவியத் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதுபோல் இருந்தன.

முதலாளி கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். "கருமம்! இதப் பாத்துட்டு எவன்யா பட்டாளத்துக்குப் போவான்?"

"இருக்கறதத்தான் போட்டேன், ஐயா."

"இல்லாததப் போடு. தாடை வை, சிரிக்க வை. இல்லேன்னா ரெண்டு பேரும் நாளைலேருந்து வர வேணாம்."

லோரென்ட்ஸின் பேச்சு காற்றும் எச்சிலுமாக வந்தது. "வச்சிருடா. வீட்ல குழந்தைங்க இருக்கு."

ஓஸ்வால்ட் மரக்கை வண்ணத்தையே குழைத்தான். மழமழவென்று ஒரு தாடை வைத்தான். அதற்கு மேல் ஒரு பல்வரிசை. கீழே கையெழுத்துப் போடாமல் தூரிகையைக் கழுவி வைத்தான்.

கண்காட்சியன்று லோரென்ட்ஸ் கோட்டைத் துடைத்து மாட்டி, மஃப்ளரை மூக்குவரை சுற்றிக்கொண்டு ஓஸ்வால்டோடு வந்தான். வாசல்காரன் அதை விலக்கச் சொன்னான். விலக்கியதும் கையை நீட்டி மறித்தான்.

"உள்ள பொம்பளைங்க கேக் சாப்பிடுறாங்கப்பா. பயந்துருவாங்க."

"யோவ், அங்க தொங்குறது இவன் படம்யா!" என்று ஓஸ்வால்ட் கத்தினான்.

வாசல்காரன் திரும்பிப் படத்தைப் பார்த்தான். பிறகு லோரென்ட்ஸைப் பார்த்தான். "யாருகிட்ட கதை விடுற?"

உள்ளே ஒரு சீமாட்டி, புதுச் சீருடை போட்ட தன் மகனைப் படத்தின் முன்னால் நிறுத்தினாள். "பாரு, எவ்வளவு அழகாச் சிரிக்கிறாரு!"

லோரென்ட்ஸ் மஃப்ளரை மறுபடி மூக்குவரை சுற்ற ஆரம்பித்தான்.